அமெரிக்க இண்டி படங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சமீப வருடங்களில் வந்த அமெரிக்கச் சுயாதீனப் படங்களைத் தெரிந்தவர்களிடமெல்லாம் பார்க்கச் சொல்லி வருகிறேன். பார்த்தவர்களில் சிலர் நெகிழ்ந்துபோய்ப் பேசுகிறார்கள், சிலர் கோபமாகப் பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் எனக்கே இந்தப் படங்கள் மீது முழுத் திருப்தியும் இல்லை, விட்டுவிடவும் மனசில்லை. அடிக்கடி வரும் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தந்திருக்கிறேன். சில பதில்களில் படத்தின் கதை, முடிவு உட்பட, வெளிப்படும்.

"இண்டினா என்ன? சும்மா சின்ன பட்ஜெட் படமா?"

டிஸ்னி, வார்னர், யுனிவர்சல் போன்ற பெரிய ஸ்டுடியோக்களின் பணத்திலும் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் எடுக்கப்படும் படம் என்று வைத்துக்கொள்ளலாம். தனி முதலீட்டாளர்கள், மாநில அரசுகள் தரும் வரிச்சலுகை, வெளிநாட்டு உரிமையை முன்கூட்டியே விற்று வரும் தொகை என்று பல இடத்தில் துண்டுதுண்டாகப் பணம் சேர்த்துத்தான் படப்பிடிப்புக்கே போவார்கள். பல படங்களுக்கு, எடுத்து முடித்த பிறகுதான் விநியோகஸ்தர் கிடைப்பார். கிடைக்காமலே போகும் படங்களும் உண்டு.

செலவு குறைவு என்பது இதன் விளைவுதான், இலக்கணம் இல்லை. ஆனாலும் ஒரு வரம்பு தேவைப்படுகிறது. இந்தப் படங்களுக்கென்றே உள்ள ஸ்பிரிட் விருதுகள் 3 கோடி டாலருக்கு மேல் செலவான படங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. 'அனோரா' சுமார் 60 லட்சம் டாலரில் முடிந்தது. மூன்றரை மணி நேரம் ஓடும் 'தி புரூட்டலிஸ்ட்' 1 கோடி டாலருக்குள் எடுக்கப்பட்டது. ஒரு சூப்பர்ஹீரோ படத்துக்கு 20 கோடி டாலர் ஆவதெல்லாம் அங்கே சர்வசாதாரணம்.

"ஏ24னு லோகோ வந்தா அது இண்டி படம்தானே?"

அந்த லோகோவை மட்டும் நம்ப வேண்டாம். ஏ24 நிறுவனம் 2012இல் நியூயார்க்கில் சின்ன விநியோக நிறுவனமாகத் தொடங்கியது. 2024இல் அவர்களே 5 கோடி டாலர் செலவில் 'சிவில் வார்' எடுத்தார்கள். மேலே சொன்ன ஸ்பிரிட் வரம்பில் அது அடங்காது. 2017இல் வந்த நியான் இன்னொரு முக்கியமான பெயர், 'அனோரா'வை வெளியிட்டது அவர்கள்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜெஸ்ஸி ஐசன்பெர்க்கின் 'எ ரியல் பெயின்' வெளியில் பணம் புரட்டி எடுத்த படம். 2024 சண்டான்ஸ் விழாவில் அதை 1 கோடி டாலருக்கு வாங்கியது டிஸ்னிக்குச் சொந்தமான சர்ச்லைட். பிறந்தது ஒரு வீட்டில், கடைக்கு வந்தது வேறு ஆள் கையில். போஸ்டரைப் பார்த்து முடிவு கட்டாமல் யார் பணத்தில், எந்த நிபந்தனையில் எடுத்தார்கள் என்று பார்ப்பதுதான் சரி.

"இந்தப் படங்கள் எல்லாம் எங்கே முதல்ல வெளியே தெரியுது?"

பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும் சண்டான்ஸ் விழாவில். நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டு 1981இல் தொடங்கிய சண்டான்ஸ் நிறுவனம்தான் அதை நடத்துகிறது. பல்லாண்டுகளாக யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி என்ற பனிமலை ஊரில் நடந்தது, 2027 முதல் கொலராடோவின் போல்டர் நகரத்துக்கு மாறுகிறது. ரெட்ஃபோர்டு 2025 செப்டம்பரில் காலமானார். சண்டான்ஸ் தவிர கான், வெனிஸ், டெலுரைடு, டொரொண்டோ விழாக்களிலும் இவை முதலில் திரையிடப்படுகின்றன.

"ஒண்ணுமே நடக்கலையே, ஏன் இவ்ளோ மெதுவா போகுது?"

கெல்லி ரைக்கார்டின் 'ஃபர்ஸ்ட் கவ்' பற்றி இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. 1820களின் ஓரிகன் காட்டுப் பகுதி, இன்றைய அமெரிக்காவின் மேற்குக் கரை. அந்த வட்டாரத்துக்கே வந்திருப்பது ஒரே ஒரு பசு, அதுவும் அங்குள்ள பெரிய அதிகாரியின் பசு. குக்கி என்ற சமையல்காரரும் கிங்-லூ என்ற சீனரும் ராத்திரியில் திருட்டுத்தனமாகப் பால் கறந்து, மாவில் சேர்த்து, எண்ணெயில் பணியாரம் மாதிரி பொரித்துச் சந்தையில் விற்கிறார்கள். முதல்முறை கறக்கும்போது குக்கி அந்தப் பசுவிடம் தாழ்ந்த குரலில் பேசுகிறார். வரும் வழியில் அதன் ஜோடியும் கன்றும் செத்துப்போனதற்குத் துக்கம் விசாரிக்கிறார். திருட வந்தவர் துக்கம் விசாரிக்கும் அந்தக் காட்சி வேகமாக ஓடியிருந்தால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று நமக்குத் தெரிந்திருக்காது. தேன் விலை, மாவு கையிருப்பு, இன்றைக்கு எத்தனை விற்றது என்று அவர்கள் போடும் கணக்கும் அப்படித்தான். அதை நிதானமாகப் பார்த்த பிறகு, மாட்டிக்கொள்வார்களோ என்ற பயம் நம் வயிற்றிலும் இறங்குகிறது.

மெதுவாகப் போவதாலேயே ஒரு படம் ஆழமானது ஆகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கதாநாயகி ஜன்னல் ஓரம் நிற்பாள், கார் ஓட்டுவாள், சிகரெட் பிடிப்பாள். என்ன வேலை பார்க்கிறாள், வாடகை யார் கட்டுகிறார்கள், அம்மாவிடம் கடைசியாக எப்போது பேசினாள், ஒன்றும் தெரியாது. அந்த மௌனத்துக்குப் பின்னால் எழுதப்படாத திரைக்கதைதான் இருக்கிறது. விழாக்களில் இந்த வகைப் படங்களுக்குக் கிடைக்கும் மரியாதை எனக்கு இன்றுவரை வருத்தம் தருகிறது.

"எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?"

'எ ரியல் பெயின்'. ஒன்றரை மணி நேரப் படம். பாட்டி இறந்த பிறகு இரண்டு யூத அமெரிக்கச் சகோதரர்கள் (பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்) அவர் பிறந்த போலந்துக்குச் சுற்றுலாக் குழுவோடு போகிறார்கள். கீரன் கல்கின் இதற்காகச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் வாங்கினார். சிரிக்கவைக்கும், சிரித்த அடுத்த நிமிஷம் சங்கடப்படுத்தும். அடுத்து 'சிங் சிங்'. 'புரூட்டலிஸ்ட்'டை முதல் படமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

"வீட்ல எல்லாரோடயும் உக்காந்து பாக்கலாமா?"

'அனோரா'வைக் கண்டிப்பாக முடியாது. முதல் அரை மணி நேரம் ஸ்ட்ரிப் கிளப்பிலும் படுக்கையறையிலும்தான். 'புரூட்டலிஸ்ட்'டும் வேண்டாம். 'பாஸ்ட் லைவ்ஸ்', 'ஃபர்ஸ்ட் கவ்' இரண்டுக்கும் அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ்தான் (13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை என்று அர்த்தம்), தயங்காமல் பார்க்கலாம். 'எ ரியல் பெயின்', 'சிங் சிங்' இரண்டிலும் கெட்ட வார்த்தை நிறைய, முதலாவதில் கஞ்சா புகைப்பதும் வருகிறது.

"'சிங் சிங்'ல நடிச்சவங்க நிஜமாவே ஜெயில்ல இருந்தவங்களா?"

ஆமாம், பெரும்பாலோர். நியூயார்க்கின் சிங் சிங் சிறையில் 1996 முதல் கைதிகள் நாடகம் போடும் திட்டம் ஒன்று நடக்கிறது. அதில் சேர்ந்து நடித்து, பின்னால் விடுதலையானவர்கள் இந்தப் படத்தில் தங்களாகவே வருகிறார்கள். கோல்மன் டொமிங்கோ தொழில்முறை நடிகர். அவருக்கு எதிரே நிற்கும் கிளாரன்ஸ் மாக்லின் உண்மையிலேயே அங்கே தண்டனை அனுபவித்தவர், படத்தின் கதையிலும் அவர் பெயர் இருக்கிறது. மூடப்பட்ட வேறொரு சிறைச்சாலையில் படமாக்கினார்கள்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். நாடகத்தை இயக்குபவர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்கிறார். மனசுக்குப் பிடித்த ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் நினைத்து ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கேமரா முகத்தைவிட்டு நகர்வதில்லை. மலை போன்ற உடம்புக்காரர்கள், குரல் கம்ம, மிகச் சாதாரணமான ஒரு பொழுதை விவரிக்கிறார்கள். யார் நடிக்கிறார், யார் நினைத்துப் பார்க்கிறார் என்று பிரிக்க முடியவில்லை. அண்மைக் கால அமெரிக்கப் படங்களில் என்னை இவ்வளவு அசைத்த காட்சி வேறில்லை. பின்பாதியில் சோகமும் மீட்சியும் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தபடி வந்து விழுகின்றன என்பது என் ஒரே குறை.

"'அனோரா'வுக்கு எதுக்கு அத்தனை விருது? எனக்குப் பாதிக்கு மேல கத்தல்தான் கேட்டுச்சு."

2024இல் கான் விழாவின் உச்ச விருதான தங்கப்பனை, 2025 மார்ச்சில் ஐந்து ஆஸ்கர். அதில் படம், இயக்கம், திரைக்கதை, படத்தொகுப்பு என நான்கு ஷான் பேக்கரின் கைக்குப் போயின. ஒரே படத்துக்காக ஒரே இரவில் நான்கு ஆஸ்கர் வாங்கியவர் அவருக்கு முன் யாருமில்லை. ஐந்தாவது, நாயகி மைக்கி மேடிசனுக்கு.

தொடக்கத்தில், ஸ்ட்ரிப் கிளப்பில் ஆடும் நாயகி ஆனியின் வேலையைப் படம் காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஷிஃப்ட், சக பெண்களோடு போட்டி, டப்பாவில் சாப்பாடு. லீவு விஷயத்தில் முதலாளி அதட்டும்போது, மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் கொடுத்துவிட்டுப் பேசு என்கிற மாதிரி திருப்பிக் கொடுக்கிறாள். அந்த ஒரே பதிலில் அவளைப் பற்றி எல்லாம் வந்துவிடுகிறது. பணக்கார ரஷ்யப் பையனைக் கல்யாணம் செய்த பிறகு, அதை ரத்து செய்ய அடியாட்கள் வந்து, அவன் ஓடிப்போய், எல்லோரும் அவனைத் தேடி நியூயார்க்கின் பிரைட்டன் பீச், கோனி ஐலண்ட் பக்கம் அலைகிறார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த நீண்ட தேடலில் ஆனி என்ன நினைக்கிறாள் என்பது நழுவிவிடுகிறது. நீங்கள் சொல்லும் கத்தல் அங்கேதான்.

இருந்தாலும் ஒரு சிவப்பு ஸ்கார்ஃபைக் கவனியுங்கள். வீட்டில் நடக்கும் சண்டையில் ஆனியின் வாயைக் கட்டுவதற்கு அதுதான் உதவுகிறது. அப்புறம் கடற்கரைக் குளிரில் அடியாட்களில் ஒருவனான இகோர் அதையே அவளுக்கு நீட்டுகிறான். திட்டிவிட்டு, குளிர் தாங்காமல் வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறாள். யாரும் எதையும் விளக்குவதில்லை. இந்தத் துல்லியம் உள்ள இயக்குநர் நடுவில் அரை மணி நேரத்தைக் குறைத்திருக்கலாம் என்று ஆதங்கமாக இருக்கிறது.

"'பாஸ்ட் லைவ்ஸ்' பாதிப் படம் கொரிய மொழியில இருக்கே, அது எப்படி அமெரிக்கப் படம்?"

எடுத்த செலின் சாங் கொரியாவில் பிறந்து கனடாவில் வளர்ந்து நியூயார்க்கில் நாடகம் எழுதியவர். படத்தின் நாயகியும் அப்படியே. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வாழ்வது அங்கே கோடிக்கணக்கானவர்களின் நடப்பு. அர்கன்சாஸில் விவசாயம் செய்யவரும் கொரியக் குடும்பத்தின் கதையான 'மினாரி'யைக் கோல்டன் குளோப் விருதுக்குழு அந்நிய மொழிப் பிரிவில் போட்டதும் அங்கேயே கடும் எதிர்ப்பு கிளம்பியது.

'பாஸ்ட் லைவ்ஸ்' பற்றி எனக்கு வேறொரு மனக்குறை உண்டு. மதுக்கடையில் மூவரும் உட்கார்ந்திருக்க, கணவன் ஆர்தர் தனக்கு அரைகுறையாகவே புரியும் மொழியில் மனைவி நோராவும் அவளுடைய சின்ன வயசுத் தோழன் ஹே சங்கும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி அருமை. படப்பிடிப்பில் கணவனாகவும் தோழனாகவும் நடித்த இருவரும் கேமரா முன்னால் சந்திக்கும்வரை ஒருவரையொருவர் பார்க்காதபடி வைத்திருந்தார் இயக்குநர். ஆனால் நோராவும் ஆர்தரும் எழுத்தாளர்கள் என்பதற்கு மேல் அவர்களின் அன்றாடம் எதுவும் நமக்குக் கிடைப்பதில்லை. பணக்கவலை ஹே சங்குக்கு மட்டும்தான் வருகிறது, தன் சாதாரண வேலையையும் சம்பளத்தையும் நினைத்துக் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறான். அந்த ஒரு வசனத்தாலேயே மூவரில் அவன்தான் எனக்கு நெருக்கமானவன்.

"பிடிச்சிருக்கா பிடிக்கலையா, ஒரு முடிவா சொல்லுங்களேன்."

மேலே உள்ள பதில்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்திருப்பீர்கள். கதாபாத்திரம் எப்படிச் சம்பாதிக்கிறது, எப்படிச் செலவழிக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கும் படம் எனக்குப் பிடித்துவிடுகிறது. பணம் இல்லாமல் படம் எடுப்பவர்களுக்கு, பணம் இல்லாமல் வாழ்பவர்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்கும் கண் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு அழகான வெளிச்சத்தையும் புதிரையும் நம்பும்போது எனக்குப் படம் கைவிட்டுப் போகிறது.

"'புரூட்டலிஸ்ட்' மூணரை மணி நேரம் தேவையா? அங்கேயும் இண்டர்வெல் உண்டா?"

உண்டு. 15 நிமிஷ இடைவேளையையும் சேர்த்து 215 நிமிஷம், திரையில் நேரக் கணக்கே ஓடும். அமெரிக்கத் திரையரங்குகளில் இடைவேளை என்பதே மறைந்துபோனதால் அங்கே அது பெரிய செய்தியானது. பிரேடி கார்பெட் இதை விஸ்டாவிஷன் முறையில் எடுத்தார். 35 எம்எம் ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டுப் பெரிய பிம்பம் பிடிக்கும் 1950களின் உத்தி அது.

முதல் பாதிக்கு ஒரு நிமிஷம்கூட அதிகமில்லை. போருக்குப் பிந்தைய பென்சில்வேனியாவுக்கு வரும் ஹங்கேரியக் கட்டடக்கலைஞர் லாஸ்லோ, பணக்காரர் வான் பியூரனின் இருண்ட படிப்பறையை நூலகமாக மாற்றுகிறார். அலமாரிக் கதவுகள் வரிசையாகத் திறக்க, அறைக்குள் வெளிச்சம் விரிகிறது. கேட்காமல் செய்த வேலை என்று வான் பியூரன் கத்துகிறார், மகன் கூலி தர மறுக்கிறான். கொஞ்ச காலம் கழித்து லாஸ்லோ கரி அள்ளிக்கொண்டிருக்க, அதே நூலகம் பத்திரிகையில் வந்து புகழ் சேர்த்த பிறகு வான் பியூரன் தேடி வருகிறார். கலைஞனுக்கும் காசு உள்ளவனுக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் பாதி அதையே உரத்துச் சொல்கிறது. இத்தாலியின் கராரா பளிங்குச் சுரங்கத்தில் நடக்கும் வன்கொடுமை, முதலாளி கலைஞனை எப்படி நடத்துகிறான் என்பதற்கு உருவகமாகப் போடப்பட்டிருக்கிறது. கூலி மறுத்த காட்சியிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டதே! 1980 வெனிஸில் நடக்கும் பின்னுரையில் கட்டடத்தின் அர்த்தத்தை ஒருவர் மேடையேறி விளக்குவதும் தேவையில்லை.

"அதுல ஏஐ பயன்படுத்தினாங்களாமே, ஏட்ரியன் பிரோடிக்கு ஆஸ்கர் குடுத்தது நியாயமா?"

ஹங்கேரிய மொழி வசனங்களில் சில எழுத்துகளின் உச்சரிப்பைச் சரிசெய்ய ஒரு குரல் மென்பொருளைப் பயன்படுத்தியதாகப் படத்தொகுப்பாளர் டாவிட் யான்சோவே சொன்னார். ஹங்கேரியரான அவர் தன் குரலையும் அதற்குக் கொடுத்தார். ஆங்கில வசனத்தைத் தொடவில்லை என்று இயக்குநர் தெளிவுபடுத்தினார். லாஸ்லோவாக வரும் பிரோடியின் நடிப்பு உடம்பிலும் கண்ணிலும் இருக்கிறது, விருது நியாயம்தான். ஆனால் இதைப் படத்தின் டைட்டிலிலேயே போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

"ஏன் எப்பவும் சோகம், வன்கொடுமை, அதிர்ச்சி? வேற கதையே இல்லையா?"

இந்தப் புகாரில் உண்மை உண்டு. காயத்தை அப்படியே காட்டினால் கனமான படம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, கராரா காட்சி பற்றி மேலே சொன்னதும் அதே சிக்கல்தான்.

2025இல் வந்த 'சாரி, பேபி' வேறு வழி காட்டுகிறது. ஈவா விக்டர் எழுதி, இயக்கி, தானே ஆக்னஸாக நடித்த முதல் படம். ஆக்னஸ் தன் ஆய்வு வழிகாட்டியின் வீட்டுக்குள் போகிறாள். கேமரா உள்ளே போவதில்லை, தெருவிலேயே நின்றுவிடுகிறது. வெளிச்சம் மங்குகிறது, இருட்டுகிறது. பிறகு அவள் வெளியே வந்து, ஷூவைச் சரியாகக்கூடப் போட்டுக்கொள்ளாமல் காரை நோக்கி நடக்கிறாள். நடந்ததைக் காட்டாமல், நடந்த பின் வரும் வருடங்களைக் காட்டுகிறது படம். மூச்சு முட்டி வண்டியை ஓரம் கட்டும்போது, முன்பின் தெரியாத ஒரு சாண்ட்விச் கடைக்காரர் உட்காரவைத்துச் சாப்பிடக் கொடுக்கிறார். படத்தில் சிரிப்பும் நிறைய. இந்த வரிசையில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால் இதைச் சொல்வேன்.

"முடிவே இல்லாம முடிக்கிறாங்களே?"

எல்லாவற்றையும் அப்படிச் சொல்ல முடியாது. 'அனோரா'வில் காருக்குள் ஆனி உடைந்து அழ, பாட்டில்லாமல் வைப்பர் சத்தத்தோடு படம் முடிகிறது. கல்யாணம் முடிந்தது, பணம் போனது, அதுவரை வாயடித்துக்கொண்டிருந்தவள் முதல்முறை ஓய்கிறாள். அது முழுமையான முடிவு. இகோரோடு வாழ்வாளா என்பது வேறு படம். முடிக்கத் தெரியாமல் பாதியில் கறுப்புத் திரை போடும் படங்களும் உண்டு. கதாபாத்திரம் கடைசியில் ஏதாவது ஒன்றைத் தெரிந்துகொண்டதா, இழந்ததா என்று கேட்டுப்பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

"இவ்ளோ விருது வாங்கறாங்க, இயக்குநர்கள் நல்லா சம்பாதிப்பாங்கல்ல?"

இல்லை. ஆஸ்கர் பந்தயம் உச்சத்தில் இருந்த 2025 பிப்ரவரியில், தன் கடைசி இரண்டு படங்களால் ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை என்று கார்பெட் பேட்டியில் சொன்னார். போர்ச்சுகலில் விளம்பரப் படங்கள் எடுத்துத்தான் சமாளித்திருக்கிறார். படத்துக்காக மாதக்கணக்கில் ஊர் ஊராகப் பேட்டி கொடுப்பதற்குச் சம்பளம் கிடையாது. அதே மாதம் ஸ்பிரிட் விருது மேடையில் ஷான் பேக்கரும் இதைத்தான் பேசினார்: ஒரு படத்துக்கு மூன்று வருடம் போகிறது, வரும் தொகையை அதில் வகுத்தால் குடும்பம் நடத்த முடியாது. வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டும் தாக்குப்பிடிக்கும் தொழிலாக இது மாறிவருவதுதான் எனக்குப் பெரிய பயம்.

"வசதியானவங்க ஏழைங்க வாழ்க்கையைப் படம் எடுத்து விருது வாங்கறது சரியா?"

இந்தக் கேள்விகளிலேயே எனக்குக் கஷ்டமானது இது. ஷான் பேக்கரின் 2017 படமான 'தி ஃபுளோரிடா ப்ராஜெக்ட்' டிஸ்னி வேர்ல்டுக்குப் பக்கத்து மோட்டலில் வாரவாடகைக்கு வாழும் தாய், மகளைப் பற்றியது. நிரந்தரக் குடியிருப்பாளர் என்ற உரிமை வந்துவிடக் கூடாது என்று மாதம் ஒருமுறை அறையைக் காலி செய்து, ஒரு ராத்திரி வேறு மோட்டலில் தங்கவைக்கிறார்கள். பக்கத்து மோட்டல் கட்டணத்தை ஏற்றியதும் அந்த ஒரு ராத்திரிக்கே வழியில்லாமல் தாய் கத்துகிறாள். தூரத்தில் இருந்து பரிதாபப்படுபவருக்கு இந்த விவரம் கிடைக்காது. அங்கே போய் நாள்கணக்கில் கேட்டிருக்க வேண்டும். கேட்டு எடுத்தவரை வெளியாள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கேட்டால் மட்டும் போதாது, பணத்திலும் பங்கு வேண்டும். 'சிங் சிங்' இயக்குநர் கிரெக் குவேடாரும் உடன் எழுதிய கிளின்ட் பென்ட்லியும் அதைச் செய்து காட்டினார்கள். டொமிங்கோவிலிருந்து படப்பிடிப்பு உதவியாளர்வரை எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் சம்பளம், படத்தின் லாபத்திலும் பங்கு. சிறையிலிருந்து வந்த நடிகரின் வாழ்க்கை கதையாகிறது என்றால் அதன் வருமானமும் அவர் வீட்டுக்குப் போகிறது. விருது மேடைகளில் சமூக அக்கறை பேசும் தயாரிப்பாளர்கள் இந்த முறையை ஏன் எடுத்துக்கொள்வதில்லை என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.